சின்ன கேம்பரை மலையேற்ற 1500 சிசி போதுமாம்! டர்போதாசனுக்கு ஒரு பதில்

சிசி சிகாமணி:
சின்ன கேம்பர் (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் தங்கும் வண்டி) ஒன்றை மலைப்பாதையில் இழுத்துப் போக எத்தனை சிசி என்ஜின் பார்க்கலாம் என்று புதுப்பயணி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்கு டர்போதாசன் எழுதிய பதில்தான் நியாயமாக இல்லை. அப்படியே தருகிறேன்: "1500 சிசி டர்போ தாராளம். சிசி பார்ப்பதெல்லாம் போன தலைமுறைப் பழக்கம். என்னுடையது இரண்டாவது கியரில் 4500 ஆர்பிஎம்மில் ஜம்மென்று ஏறுகிறது."

4500! ஏற்றம் முழுக்க நிமிடத்துக்கு 4500 சுற்றில் அலறிக்கொண்டு போவதற்குப் பெயர் ஜம்மென்று ஏறுவதா? நான் பல வருடமாக 2500 சிசி பெட்ரோல் வண்டியில், டர்போ கிர்போ எதுவும் இல்லாமல், கேம்பர் இழுப்பவன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏறலாம். பின்சீட்டில் தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார். புதுப்பயணி, 2500 சிசிக்குக் கீழே பார்க்காதீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

டர்போதாசன்:
வந்துவிட்டீர்களா. தனி இழை போட்டு என் பெயரைத் தலைப்பில் வைக்கும் அளவுக்கு நான் பெரிய ஆளாகிவிட்டேன், நன்றி.

ஐயா, மேலே போகப் போகக் காற்று மெலிந்துகொண்டே போகும். 2500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 78 சதவீதம்தான். உங்கள் டர்போ இல்லாத 2500 சிசி அங்கே மூச்சிழுத்தால் கிடைப்பதும் அவ்வளவுதான். 180 குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் பார்த்து வாங்கியது அங்கே 140 ஆகிவிடும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளி அந்தக் குறையில் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடும். மலைக்கு என்றே செய்தது போல இருக்கும் ஒன்றை மலைக்கு ஆகாது என்கிறீர்கள்.

தராசு:
கேம்பரின் எடை என்ன? சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து?

சிசி சிகாமணி:
காற்று அடர்த்திப் பாடம் எனக்கு வேண்டாம் தம்பி. 4500-க்குப் பதில் சொல்லுங்கள். என்ஜின் நல்ல நிலையில் இருந்தால் ஏன் 4500 வரை போக வேண்டும்?

நியூட்டன்மீட்டர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், கொஞ்சம் கணக்குப் போடலாம். கார், கேம்பர், ஆட்கள் எல்லாம் சேர்த்து 3000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத ஏற்றம், மணிக்கு 60 கிமீ. எடையைத் தூக்குவதற்கு மட்டும் 39 கிலோவாட் வேண்டும். டயர் உராய்வுக்கு ஒரு 6, கேம்பரின் நெற்றியில் மோதும் காற்றுக்கு ஒரு 7. மொத்தம் 52 கிலோவாட், அதாவது 70 குதிரைத்திறன். அதே ஏற்றத்தில் 80 கிமீ வேகம் வேண்டும் என்றால் 100-ஐத் தாண்டிவிடும். சக்கரத்துக்கு வேண்டியது இந்தத் திறன். அது 1500 சிசியிலிருந்து வந்ததா 2500 சிசியிலிருந்து வந்ததா என்று சக்கரம் கேட்பதில்லை.

250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் 1500 டர்போவுக்கு அந்த 52 கிலோவாட் 2000 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். டர்போ இல்லாத 2500 சிசி கடல் மட்டத்தில் 240 தந்தால், 2500 மீட்டர் உயரத்தில் 187 தான். அதே வேலைக்கு அது ஏறக்குறைய 2700 வரை சுற்ற வேண்டும்.

டர்போதாசன்:
கேட்டீர்களா சிகாமணி ஐயா? அதிகம் சுற்ற வேண்டியது உங்கள் வண்டிதான்.

சிசி சிகாமணி:
கேட்டேன். 2000 ஆர்பிஎம் போதும் என்று கணக்கு சொல்கிறது. பிறகு உங்கள் வண்டி ஏன் 4500-இல் இருந்தது? நியூட்டன்மீட்டர் உங்களுக்கு உதவுகிறேன் என்று வந்து உங்களையே மாட்டிவிட்டார். ஒன்று கணக்கு தப்பு, இல்லை உங்கள் என்ஜினில் சரக்கு இல்லை. எது என்று நீங்களே சொல்லுங்கள்.

டர்போதாசன்:
நான் வேண்டுமென்றேதான் இரண்டாவது கியரில் வைத்திருந்தேன். நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ என்ஜினைக் குறைந்த சுற்றில் வைத்து முழு ஆக்சிலரேட்டர் கொடுப்பதுதான் அதற்குக் கேடு. 1500, 1800 ஆர்பிஎம்மில் முக்க வைத்தால் சிலிண்டருக்குள் நேரம் தவறித் தீப்பிடிக்கும், பிஸ்டனே உடையலாம். ஒரு கியர் இறக்கி 4500-இல் வைத்தால் என்ஜின் பாதிப் பாரத்தில் ஓடுகிறது. 120 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் போதும். தண்ணீர் பம்பும் வேகமாகச் சுற்றும், சூடும் இறங்கும். சத்தம் வருகிறது என்பதற்காக என்ஜின் சாகிறது என்று அர்த்தமில்லை.

சிசி சிகாமணி:
சத்தம் வருகிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டதற்கு நன்றி. 4500.

கியர்மணி:
இரண்டு பேரும் கியர்பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மலையில் முதலில் வேகுவது என்ஜின் இல்லை, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய்தான். என்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டே ஏறினால் சூடு மளமளவென்று கூடும். இரட்டைக் க்ளட்ச் கியர்பாக்ஸோடு கொண்டை ஊசி வளைவில் ஊர்ந்து போய்ப் பாருங்கள், எச்சரிக்கை விளக்கு எரியும். படிப்படியான கியர் இல்லாத சிவிடி என்றால் தயாரிப்பாளரே பெரும்பாலும் இழுவை வரம்பைக் குறைத்துத்தான் போட்டிருப்பார். தனியாக ஒரு ஆயில் கூலர் இருக்கிறதா என்று பார்க்காமல் சிசி பேசி என்ன பயன்?

சிசி சிகாமணி:
கியர்மணி, போன முறை கேம்பரின் மூக்கு எடை பற்றிய இழையில் இப்படித்தான் நடுவில் புகுந்து திசை திருப்பினீர்கள். நான் மொத்த எடையில் 10 சதவீதமாவது கொக்கியில் உட்கார வேண்டும் என்றேன், நீங்கள் 5 போதும் என்றீர்கள். அந்தப் பதில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கியர்மணி:
ஐரோப்பிய கேம்பருக்கு 5-லிருந்து 7 என்றுதான் சொன்னேன். அங்கே கொக்கியும் அச்சும் அந்த அளவுக்கு வடிவமைத்தவை, வேக வரம்பும் வேறு. நீங்கள் சொன்ன 10-லிருந்து 15 அமெரிக்கக் கணக்கு. இதை அப்போதே எழுதினேன், நீங்கள் படிக்கவில்லை. படிக்காமல் இருப்பது உங்களுக்குப் புதிதும் இல்லை.

தராசு:
எடை?

டீசல் மாமா:
1500, 2500 என்று இரண்டு பெட்ரோல்காரர்கள் அடித்துக்கொள்வது வேடிக்கையாக இருக்கிறது. 2000 சிசி டீசல் எடுங்கள். 1750 ஆர்பிஎம்மில் 350, 400 நியூட்டன் மீட்டர். வேலை முடிந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

சிசி சிகாமணி:
ஏறிவிடுவீர்கள் மாமா, மறுக்கவில்லை. இறங்குவது எப்படி? பெட்ரோல் என்ஜினில் ஆக்சிலரேட்டரை விட்டால் காற்று போகும் வழியான த்ராட்டில் மூடிக்கொண்டு என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசலில் அப்படி மூடுகிற த்ராட்டில் கிடையாது. புகை போகும் வழியை அடைத்து வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாத டீசல் இறக்கத்தில் உருண்டுகொண்டே போகும். பின்னால் கேம்பர் வேறு தள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் கால் தரையைத் தொடும்.

டீசல் மாமா:
எங்கள் வண்டிக்கு எக்ஸாஸ்ட் பிரேக் இல்லை என்று உங்களிடம் யார் சொன்னது? டர்போவின் இறக்கைகளை மூடியே பிடிக்கிற வண்டிகள் உண்டு. தெரியாததைப் பேசக் கூடாது.

சிசி சிகாமணி:
உங்கள் வண்டியில் அது இருக்கிறதா, இல்லையா? ஒரே வார்த்தை.

டீசல் மாமா:
அது இங்கே கேள்வியே இல்லை.

சிசி சிகாமணி:
சரி. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

டர்போதாசன்:
ஐயா, இறக்கம் என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். நீங்களும் இறங்கும்போது கியரைக் குறைத்துத்தான் இறங்குவீர்கள், இல்லையா? அப்போது உங்கள் 2500 சிசி எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றும்? 4000? 4500? இறங்கும்போது 4500 புத்திசாலித்தனம், ஏறும்போது 4500 கொலைக்குற்றமா?

சிசி சிகாமணி:
இறங்கும்போது எரிபொருளே போகாது. வெடிப்பு இல்லை, சூடு இல்லை. இரண்டையும் ஒன்றாக்குவது உங்கள் சாமர்த்தியம்.

நியூட்டன்மீட்டர்:
பிஸ்டன் வேகத்தையும் பார்க்கலாமே. 85 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) உள்ள சிறிய என்ஜினில் 4500 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12.75 மீட்டர். 2500 சிசி நான்கு சிலிண்டரில் ஸ்ட்ரோக் சுமார் 100 மிமீ இருக்கும். அதே 4500-இல் 15 மீட்டர். அதாவது 4500 சின்ன என்ஜினுக்கு வலிப்பதை விடப் பெரிய என்ஜினுக்குத்தான் கூடுதலாக வலிக்கும்.

சிசி சிகாமணி:
அதனால்தான் நான் 4500-க்குப் போவதே இல்லை! இதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன்!

நியூட்டன்மீட்டர்:
2500 மீட்டர் உயரத்தில், 8 சதவீத ஏற்றத்தில், 80 கிமீ வேகத்தில் போனால் உங்களுக்கு 77 கிலோவாட் வேண்டும். 187 நியூட்டன் மீட்டரை வைத்துக்கொண்டு அது 3900-க்குக் கீழே வராது. நான் சொல்லவில்லை, வகுத்தல் சொல்கிறது.

சிசி சிகாமணி:
3900 என்பது 4500 ஆகிவிடாது.

கியர்மணி:
அப்படியென்றால் உங்களுக்கும் அவருக்கும் நடக்கும் சண்டை 600 ஆர்பிஎம்முக்குத்தானா?

சிசி சிகாமணி:
நீங்கள் முதலில் மூக்கு எடைக்குப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.

மின்சாரக்கண்ணன்:
இந்தப் பழைய இரும்புகளுக்கு இவ்வளவு சண்டையா? மின்சார மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை. எந்த உயரத்திலும் முழுத் திறன். இறங்கும்போது பேட்டரி நிறையும். ஆர்பிஎம் என்ற பேச்சே இல்லை.

டீசல் மாமா:
கேம்பரை மாட்டினால் ஓடும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடுமே கண்ணா. மலை உச்சியில் சார்ஜ் போட்டு முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கினால் பிரேக் பிடிக்கும் மின்சாரத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவாய்?

டர்போதாசன்:
ஒரு கேள்விக்கு மட்டும் யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள். அமெரிக்காவில் எஸ்ஏஇ ஜே2807 என்ற இழுவைச் சோதனையில் டேவிஸ் டேம் என்ற மலைச்சாலை ஏற்றத்தில், 18 கிமீக்கு மேல், 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுக்க வைத்துக்கொண்டு ஏற வேண்டும். சாதாரண வண்டி மணிக்கு 64 கிமீக்குக் கீழே இறங்கக் கூடாது. ஐரோப்பாவில் 12 சதவீத ஏற்றத்தில் நிறுத்தி, 5 நிமிடத்துக்குள் 5 தடவை கிளப்பிக் காட்ட வேண்டும். இரண்டிலும் வண்டியால் முடிகிறதா என்பதுதான் சோதனை, எத்தனை சிசி என்பது இல்லை. கையேட்டில் என் வண்டிக்குப் போட்டிருக்கும் இழுவை எடை அந்த மாதிரிச் சோதனையைத் தாண்டி வந்தது. அதற்கு மேல் சிகாமணி ஐயாவின் சான்றிதழ் எதற்கு?

சிசி சிகாமணி:
சோதனை ஒரு நாள். நான் பேசுவது வருடக்கணக்கில் இழுப்பதை. தினமும் ஓடுபவனும் ஒருநாள் பந்தயத்துக்கு ஓடியவனும் ஒன்றா? சின்ன டர்போ என்ஜின் முழுப் பாரத்தில் ஏறும்போது எக்ஸாஸ்ட் சூட்டைக் குறைக்க வேண்டுமென்று பெட்ரோலை அள்ளி ஊற்றும். விளம்பரத்தில் போட்ட மைலேஜ் மலையில் காணாமல் போகும். என் 2500 அங்கேயும் தன் கணக்கில்தான் குடிக்கும். இதைப் பற்றி டர்போதாசன் எழுதவே மாட்டார். எழுதினால் அந்த 4500 பற்றியும் எழுத வேண்டி வரும்.

டர்போதாசன்:
சற்று முன் பாதிப் பாரம் என்று எழுதினேன். முழுப் பாரத்துக்கு நீங்களே மாற்றிக்கொண்டீர்கள்.

புதுப்பயணி:
எல்லோருக்கும் வணக்கம், கேள்வி கேட்டது நான்தான். கேம்பரின் தகட்டில் காலி எடை 750 கிலோ என்று இருக்கிறது. இது உதவுமா?

தராசு:
அப்பாடா. காலி எடையை விடுங்கள், அனுமதித்த அதிகபட்ச எடை எவ்வளவு என்று பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலே 100 கிலோ. கேஸ் சிலிண்டர், பேட்டரி, முன் கூடாரம், சைக்கிள் என்று ஏற்றினால் 1000-ஐத் தொட்டுவிடும். ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். உங்கள் காரின் எடை என்ன? கேம்பர் அதில் 85 சதவீதத்துக்குள் இருந்தால் புதிதாக இழுப்பவருக்கு நல்லது. என்ஜின் அதற்குப் பிறகு.

சிசி சிகாமணி:
750 கிலோவா? அப்படியென்றால் இன்னும் தெளிவாகிவிட்டது. 2500 சிசி எடுங்கள்.

டர்போதாசன்:
750 கிலோவா? 1500 டர்போவே அதிகம்.

டீசல் மாமா:
டீசல்.

புதுப்பயணி:
காரின் எடை 1400 கிலோ. அதற்கு எந்த என்ஜின்...

சிசி சிகாமணி:
சொல்கிறேன், பொறுங்கள். முதலில் இவர் அந்த 4500-க்குப் பதில் சொல்லட்டும். பாதிப் பாரம் என்று சொன்னார், சரி. பாதிப் பாரத்தில் ஓடும் என்ஜினை மூன்றாவது கியருக்கு மாற்றினால் 2900-இல் ஏறியிருக்குமே? ஏன் மாற்றவில்லை? மாற்றிப் பார்த்திருப்பார், இழுத்திருக்காது.

டர்போதாசன்:
இழுக்கும். நான் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

சிசி சிகாமணி:
இழுத்த படம் ஒன்று போடுங்கள். ஆர்பிஎம் முள்ளும் உயரமும் ஒன்றாகத் தெரிய வேண்டும்.

டர்போதாசன்:
நீங்கள் உங்கள் 2500-ஐ 2500 மீட்டரில் எடுத்த படத்தைப் போடுங்கள், நானும் போடுகிறேன். எத்தனை ஆர்பிஎம் என்று எல்லோரும் பார்க்கட்டும்.

கியர்மணி:
இரண்டு பேரும் கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பத்தையும் சேர்த்துப் படம் பிடியுங்கள்.

சிசி சிகாமணி:
நீங்கள் மூக்கு எடை, மணி. மூக்கு எடை.