சிம்லா வழியாக ஸ்பிதி: ஒரு வாரப் பயணத்துக்கு யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் கடைசியில் அப்பா, அம்மாவோடு இமாசலப் பிரதேசத்தின் கின்னௌர், ஸ்பிதி பக்கம் ஒரு வாரம் காரில் போகிறோம். சிம்லாவில் டிரைவரோடு வண்டி எடுத்து சராஹன், சாங்லா, சித்குல், கல்பா, நாகோ, தாபோ வழியாக காஸா. அங்கிருந்து குன்சும் கணவாய் ஏறி மணாலி.

மணாலியில் தொடங்கினால் முதல் நாளே 4,500 மீட்டருக்கு மேல் ஏறவேண்டும். சிம்லா வழியில் உடம்பு மெல்லப் பழகும் என்பதால்தான் இப்படிப் போட்டோம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம், ஆனாலும் கவலையாக இருக்கிறது. கூடுதலாக ஓர் இரவு தங்குவதென்றால் நாகோவா, தாபோவா? தாபோ கொஞ்சம் தாழ்வு. அங்கே 996-ல் நிறுவிய புத்த மடாலயத்தைப் பார்ப்பது அம்மாவின் நெடுநாள் ஆசை, அதை அவசரமாகப் பார்க்க மனமில்லை.

அப்படியானால் எதையாவது விடவேண்டும். சித்குலா, சராஹனா? கல்பாவைச் சுற்றியுள்ள தேவதாரு, சில்கோஸா (ஒருவகைப் பைன் மரம்) காடுகளில் ஒரு காலைப்பொழுதாவது நடக்க ஆசை, அதனால் கல்பாவை விடமாட்டோம்.

அப்புறம், குன்சும் தாண்டி மணாலி போகும் வழியில் பாதலிலிருந்து கிராம்ஃபூ வரையிலான கரடுமுரடான சாலை முதுகுவலி உள்ளவர்களுக்குத் தாங்குமா? வந்த வழியே சிம்லா திரும்புவது மேலா? வயதானவர்களோடு போய்வந்தவர்கள், வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள வீட்டுத் தங்கல்கள் எந்தக் கிராமத்தில் கிடைத்தன என்றும் சொல்லுங்கள்.