சின்னவனின் குரங்கு

நான்: மாமி, ஒரு உதவி. சின்னவனுக்குப் படம் ஒன்றைக் கொடுத்துக் கதை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். குளக்கட்டு, விழுந்து கிடக்கிற சைக்கிள், மரத்தில் குரங்கு. ஒரு மணித்தியாலமாக இருந்து எழுதியது இவ்வளவுதான்: ‘இது குலம். இது சைக்கிள். இது மரம். இது குரங்கு.’

மல்லாவி அண்ணா: குளத்தைக் குலம் என்று எழுதியிருக்கிறான். அதுவும் கனகராயன்குளத்தில் இருந்துகொண்டு! 😂

பரந்தன் மாமி: அது கிடக்கட்டும் தம்பி. பிள்ளை, நீ அவனிடம் என்ன கேட்டாய்?

நான்: படத்தில் என்னென்ன தெரிகிறது என்று கேட்டேன்.

பரந்தன் மாமி: அதுதானே. அப்படிக் கேட்டால் பிள்ளை எண்ணித்தான் காட்டும். கடைக்குக் கொடுத்துவிடும் சாமான் துண்டு மாதிரித்தான் வரும். முதலில் பென்சிலை வாங்கி வை. சைக்கிள் ஏன் விழுந்தது, ஓடி வந்தவர் எங்கே, குரங்கு அதற்கு முதல் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேள். வாயால் சொல்லி முடிக்கட்டும். தரம் 2 பிள்ளைக்கு எழுத்தை உருவாக்கவே பெரிய பாடு. கதையையும் அதோடு யோசி என்றால் சுலபமானதை எழுதிவிட்டு எழும்பிவிடும்.

நான்: சொல்லும்போது நான் எழுதலாமா?

பரந்தன் மாமி: ஓம், எழுது. ஆனால் அவன் சொன்ன சொல்லையே எழுது, உன் சொல்லைப் போடாதே. பிறகு அவனையே வாசிக்க விடு. தன் வாயில் வந்தது தாளில் இருக்கிறது என்று கண்டால் அடுத்ததைத் தானே எழுதப் பார்ப்பான்.

மல்லாவி அண்ணா: பிழையைத் திருத்தாமல் விட்டால் கையில் ஊறிவிடும் மாமி. ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசிலும் இருக்கிறது.

பரந்தன் மாமி: அதற்கு இன்னும் மூன்று வருசம் கிடக்கிறது. தாள் முழுக்கச் சிவப்புக் கோடு விழுந்தால், பிள்ளை பிழைவிடாத சொல்லை மட்டும்தான் பிறகு எழுதும். மரம், படம், பழம். கதை முடிந்த பிறகு ஒரே ஒரு சொல்லைத் திருத்துங்கள். உனக்காகக் குளத்தையே திருத்தலாம், சரியா?

முள்ளியவளைச் சின்னம்மா: பேத்தி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலைக் கீறினாள். அங்கே எண்ணெய்க்குப் பதிலாகக் கடல் தண்ணியில் விளக்கு எரிகிறதே, மீனுக்குச் சுடாதா என்று கேட்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பரந்தன் மாமி: அக்கா, அதுதான் முதல் வரி! எழுதி வையுங்கள்.

பரந்தன் மாமி: போர் முடிந்து 2010இல் மீளக் குடியேறி வந்தபோது நான் படிப்பித்த வகுப்பு தறப்பாளுக்குக் கீழே. படப்புத்தகத்துக்கு எங்கே போவது? பழைய தகரத்தில் கரியால் மூன்று பெட்டி கீறினேன். முதல் பெட்டியில் கட்டையில் கட்டின ஆடு. கடைசிப் பெட்டியில் வெறும் கயிறு. நடுப்பெட்டியை வெறுமையாக விட்டு, இடையில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஒருவன் ஆட்டை ஒட்டுசுட்டான் கோயிலுக்கு அனுப்பினான். ஒருத்தி, ஆடு கயிற்றையும் தின்னப் பார்த்தது, ருசியில்லை என்று விட்டுவிட்டது என்றாள். இன்றைக்கும் அந்தக் கதைதான் எனக்குப் பிடித்தது.

மல்லாவி அண்ணா: சரி, நானும் ஒரு படம் போடுகிறேன். இன்று வயலில் எடுத்தது.

📷 லான்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) இருக்கையில் குரங்கு, கையில் சோற்றுப் பார்சல்

நான்: காட்டுகிறேன்.

(இரவு 8:10)

நான்: மாமி, சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசி இரண்டு வரியும் அவனே எழுதியது:

‘குரங்குக்குப் பசி. மாமா சோத்தைக் கொட்டிலுக்குள் வைக்கவில்லை. குரங்கு சத்தம் போடாமல் வந்தது. ஏனென்றால் மாமா நித்திரை. குரங்கு லான்மாஸ்டரில ஏறிச் சாப்பிட்டது. மாமா குலத்தில கை களுவ வந்தார். சோறு இல்லை.’

பரந்தன் மாமி: படத்தில் மாமாவே இல்லை! அவரை எங்கிருந்தோ பிடித்து வந்துவிட்டான். நாளைக்குக் குளம் மட்டும். ‘களுவ’ அடுத்த கிழமை.

மல்லாவி அண்ணா: நான் நித்திரை கொள்ளவில்லை.

மல்லாவி அண்ணி: கொண்டவர்.