பவானி இரண்டு வழியாக வருகிறது: குந்தா மலைப் பக்கத்து அனுபவங்கள்

மஞ்சூர்க்காரன்:
நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டத்துப் பவர் ஹவுஸ் ஒன்றில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கோடையில் கோபி பக்கத்து விவசாயிகள் சிலர் வேன் பிடித்து மலை மேல் அவலாஞ்சி அணை பார்க்க வந்திருந்தார்கள். கீழே அவர்களுக்குத் தண்ணீர் தரும் பவானிசாகர் அணை அடிமட்டத்துக்குப் போயிருந்த சமயம். நான் இ.பி. ஆள் என்று தெரிந்ததும் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க தம்பி, இங்க இத்தன தண்ணி நிக்குது. எங்க வாய்க்கால்ல சொட்டு இல்லீங்க. கொஞ்சம் தொறந்து உட்டா என்னங்க?"

இங்கே மதகைத் தூக்கித் தண்ணீர் விடுவதில்லை, மின்சாரம் எடுக்கும் மெஷினை ஓட்டித்தான் விடுகிறோம் என்றேன். அவலாஞ்சி, எமரால்டு தண்ணீர் முதல் பவர் ஹவுஸில் விழுந்து குந்தா பாலம் அணைக்கு வரும். அங்கிருந்து கெத்தை, அப்புறம் பரளி, கடைசியில் பில்லூர். ஒரே தண்ணீரில் நாலு தரம் மின்சாரம். எத்தனை மெகாவாட் வேண்டும் என்று லோடு டெஸ்பாட்ச், அதாவது மின்தேவையைப் பார்த்து உத்தரவு போடும் ஆபீசில் இருந்து போன் வரும், அந்த அளவுக்கு ஓட்டுவோம். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் முழு வீச்சில் ஓடும். தேவை குறைந்தால் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சென்னைக்காரன் ஏசி போட்டாத்தான் எங்க வயலுக்குத் தண்ணின்னு சொல்லுங்க" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கடும் வறட்சியில் குடிநீருக்காகத் தண்ணீர் விடச் சொல்லி உத்தரவு வருவதும் உண்டு என்று மட்டும் சொன்னேன். கீழ்பவானிப் பாசனமே 2,07,000 ஏக்கர். அதையும் பாதிப் பாதியாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். அவர் கோபம் நியாயம்தான்.

அணை, ஆறு, எல்லை பக்கம் உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

மாயாற்றங்கரை:
எங்கள் ஊர் தெங்குமரஹாடா. நீலகிரி மாவட்டம்தான், ஆனால் பஸ் பவானிசாகர் வழியாக வரும், அப்புறம் ஆற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். மேலே முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவில் கர்நாடக எல்லையாக ஓடுகிற அதே மாயாறுதான் எங்கள் வாசலுக்கும் வருகிறது. 1932-இல் ஓடத் தொடங்கிய பைக்காரா பவர் ஹவுஸும் அதற்குக் கீழே இருக்கும் மாயார் பவர் ஹவுஸும் விடுகிற தண்ணீரும் இதில்தான்.

ஒரு தடவை வெளியூர் வாத்தியார் ஒருவர் பரீட்சைப் பேப்பர் கட்டோடு அக்கரைக்குப் போக நின்றார். பரிசல்காரர் தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் பீடி பற்ற வைத்தார். பீடி முடிவதற்குள் கல் நனைந்துவிட்டது. "இப்ப வராதுங்க சார், பொறுங்க." வானம் வெளுப்பாகத்தானே இருக்கிறது, மழையே இல்லையே என்று வாத்தியார் கேட்டார். "மழை இங்க பெய்யணும்னு என்னங்க இருக்கு? மேல பேஞ்சாலும் வரும், மேல மெஷின் ஓட்டினாலும் வரும்."

வாத்தியார் கட்டைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். நல்ல மனுஷர்.

கேரட் லோடு:
மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் கேரளத்து அட்டப்பாடிக்குக் காய்கறி ஓட்டிக்கொண்டிருந்தேன். 2017-இல் பவானிக்குக் குறுக்கே கேரளா தடுப்பணை கட்டுகிறது என்று கோவையில் போராட்டம் நடந்த நேரம். அட்டப்பாடியில் தாவளம் பக்கம் ஒரு டீக்கடை. கடைக்காரரும் தமிழ்தான், தாத்தா காலத்தில் குடியேறிய குடும்பம். வண்டி நம்பரைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"நாங்க ரெண்டு கல்லு வச்சாக் கொடி புடிக்கிறீங்க. மேல்பவானியில நீங்க அணையக் கட்டி, மலையக் கொடஞ்சு, அவலாஞ்சிக்குத் திருப்பிக்கிட்டீங்களே, அது எந்த ஆத்துத் தண்ணி?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. மஞ்சூர்க்காரன் அண்ணா, அவர் சொன்னது உண்மையா?

மஞ்சூர்க்காரன்:
பாதி உண்மை தம்பி. பவானி நம் மாவட்டத்தில் பிறந்து, அமைதிப் பள்ளத்தாக்கு ஓரமாகக் கேரளாவுக்குள் இறங்கி, முக்காலியில் திரும்பி, அட்டப்பாடியைக் கடந்து மறுபடி நம்மிடமே வருகிறது. உச்சியில் மேல்பவானி அணையில் சேரும் தண்ணீரைச் சுரங்கம் வழியாக அவலாஞ்சிக்கு எடுத்துக்கொள்கிறோம். அந்தத் தண்ணீர் எல்லை தாண்டாமலே குந்தா வழியாகப் பில்லூருக்கு இறங்கிவிடும். அதாவது ஆற்றுக்கு நஷ்டம் இல்லை, அட்டப்பாடிக்கு மட்டும்தான் அது போவதில்லை. ஆனால் அணைக்குக் கீழே பெய்கிற மழை முழுக்க அவர்கள் பக்கமாகத்தான் வருகிறது, அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. அதை டீக்கடைக்காரர் விட்டுவிட்டார்.

பவானி காவிரியில் சேருகிற ஆறு என்பதால் காவிரிக் கணக்கில்தான் வரும். 2007-இல் காவிரி நடுவர் மன்றம் கேரளாவுக்கு 30 டி.எம்.சி. ஒதுக்கியது. கபினியில் 21, பவானியில் 6, பாம்பாற்றில் 3. 2018-இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தின் பங்கைக் கூட்டி நம் பங்கைக் குறைத்தபோதும் இந்த 30-இல் கை வைக்கவில்லை. ஆகவே 6 டி.எம்.சி.க்குள் அவர்கள் எடுத்தால் அது அவர்கள் உரிமை. எந்தத் தடுப்பணையில் எவ்வளவு நிற்கிறது என்று இரு தரப்பும் சேர்ந்து நின்று அளக்காமல், இங்கே ஒரு கூட்டமும் அங்கே ஒரு கூட்டமும் கத்துவதுதான் எனக்கு எரிச்சல். அளவுகோலைப் பார்த்தே வேலை செய்தவன் புத்தி இப்படித்தான் போகும் என்று என் மனைவி சொல்வாள்.

கோத்தகிரிப் பொண்ணு, இப்போது மேட்டுப்பாளையம்:
நாங்கள் கடைசியில் இருந்து பார்க்கிறோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய வாரம், தெருத் தெருவாக மைக் கட்டிய வண்டி வந்தது. எங்களுக்கு மேலே இருக்கும் பில்லூர் 100 அடி அணை, 97 அடி தொட்டால் ஷட்டரைத் திறந்துவிடுவார்கள். எதிர் வீட்டு அக்கா டிவியையும் ரேஷன் அரிசியையும் எங்கள் மாடிக்கு ஏற்றிவிட்டு, மாமியாரை ஏற்ற மறந்துபோய் மறுபடி ஓடினார்.

மழை இல்லாத நாளில்தான் எனக்குப் பயம் அதிகம். மத்தியானம் பாறை தெரிய ஆறு கிடக்கும், வெளியூர்ப் பையன்கள் இறங்கிக் குளிப்பார்கள். திடீரென்று இடுப்பளவு, கழுத்தளவு ஏறிவிடும். கரையில் நின்று கத்திக் கத்தி ஒரு கும்பலை மேலே ஏற்றியிருக்கிறேன். "அணையத் தொறந்தாச் சொல்வாங்கல்லக்கா?" என்று கேட்டான் ஒருவன்.

மஞ்சூர்க்காரன்:
அவன் கேட்டதற்குப் பதில் இதுதான் அம்மா. பில்லூர் சின்ன அணை, அதிலும் நிறையச் சேறு சேர்ந்துவிட்டது. வருவதை அதிக நேரம் பிடித்து வைக்க முடியாது. ஷட்டர் தூக்கினால் எச்சரிக்கை செய்வார்கள். ஆனால் பில்லூர் பவர் ஹவுஸில் மெஷின் ஓடினாலும் ஆறு ஏறும். அது தினசரி வேலை, அதற்கு எல்லா நாளும் மைக் வண்டி வராது.