வாஷ்: ‘கழுவல்’ வேண்டாம், ‘இடுக்குச்சாயம்’ என்போமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பொம்மைச் சிப்பாய்களுக்கு வர்ணம் தீட்டும் கலைக்கான நம் சொற்பட்டியலில், வாஷ் (wash) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ‘கழுவல்’ என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆகவேண்டும். அங்கே யாரும் எதையும் கழுவுவதில்லை. நீர்த்த அடர்நிற வர்ணத்தை உருவத்தின் மேல் ஓடவிடுகிறோம். அது மேடுகளிலிருந்து வழிந்து, பள்ளங்களில் தங்கி, காய்ந்ததும் நிழலாக நிற்கிறது.

நேற்று விடுப்புப் போட்டு, போனையும் அணைத்துவிட்டு, வாட்டர்லூ போர்க்காலத்து (1815) பிரிட்டிஷ் காலாட்படையினர் சிலரைத் தீட்டினேன். எல்லாம் 28 மி.மீ. உருவங்கள். சிவப்புக் கோட்டின் அடிநிறம் காய்ந்தபின் பழுப்பு வாஷ் கொடுத்தேன். (கறுப்பு கொடுத்தால் சிவப்பு அழுக்காகத் தெரியும், கறுப்பைத் துப்பாக்கிக் குழலுக்கு வைத்துக்கொள்ளலாம்.) முழங்கை மடிப்பிலும் மார்பின் குறுக்கே போகும் வார்களின் ஓரத்திலும் பழுப்பு தானாகப் போய் உட்கார்ந்தது. முதுகுப்பையின் அடியில் தேங்கியதை மட்டும் ஈரத் தூரிகையால் ஒற்றி எடுக்கவேண்டும், விட்டால் வளையமாகக் கறை கட்டிவிடும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்காத வேலை இது.

அதனால்தான் ‘இடுக்குச்சாயம்’ என்கிறேன். ‘இடுக்கு மை’ என்று இங்கே வந்த யோசனையும் பொருளளவில் சரிதான். ஆனால் சேர்த்து எழுதினால் ‘இடுக்குமை’ என்றாகி, கொடுமை, கடுமை போலப் பண்புப்பெயராகக் காதில் விழுகிறது. வினைக்கு ‘ஊட்டு’ போதும். நற்றிணையிலேயே ஓவியர்கள் துகிலிகைக்கு, அதாவது தூரிகைக்கு, அரக்கு ஊட்டுகிறார்கள். நாம் சிப்பாய்க்கு இடுக்குச்சாயம் ஊட்டுவோம்.

நீர்வர்ண ஓவியத்திலும் வாஷ் உண்டே என்று கேட்கலாம். அது தாளில் சீராகப் பரப்பும் மெல்லிய பூச்சு, வேலையே வேறு. அதற்கு ‘நீர்ப்பூச்சு’ இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காக நாமும் ஒன்றோடு நிற்க வேண்டியதில்லை.

அப்புறம், டிரைபிரஷ் (drybrush). ‘உலர்தூரிகை’ என்பது கருவியின் பெயர் போல இருக்கிறது. தூரிகையில் உள்ள வர்ணத்தைத் துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் லேசாக வருடுகிறோம். எனவே ‘உலர்வருடல்’.

பின்வாஷ் (pin wash) என்பதற்குத்தான் எனக்குச் சொல் பிடிபடவில்லை. உருவம் முழுவதும் ஓடவிடாமல், அதில் பதிந்துள்ள கோடுகளில் மட்டும் தூரிகை நுனியால் தொட்டு வைப்பது. ‘நுனிச்சாயம்’ என்றால் புரியுமா? டாங்கி, விமான மாதிரிகள் செய்பவர்கள் இதை அதிகம் பயன்படுத்துவதால் அவர்கள் சொன்னால் நல்லது.