கிறிஸ்தவ ராக்: எதைக் கேட்கலாம், எது வெறும் நகல்?

பழைய டேப்:
கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க பாளையங்கோட்டை வீட்டுப் பரணைக் காலி செய்தபோது அண்ணனின் அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே பதினான்கு கேசட்டுகள். பெட்ரா ஐந்து, ஸ்ட்ரைப்பர் இரண்டு (இரண்டும் இயேசுவைப் பாடும் அமெரிக்க ராக் குழுக்கள்), மீதி எல்லாம் கன்வென்ஷன் பிரசங்கம்.

பெட்ராவின் 'மோர் பவர் டு யா' (1982) கேசட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் சர்ச் வாலிபர் ஐக்கியத்துக்கு வந்த ஒருவர், ராக் பாட்டைத் தலைகீழாக ஓட்டினால் சாத்தானின் குரல் கேட்கும் என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அன்று ராத்திரியே அண்ணன் கேசட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, நாடாவை ஒரு முறுக்கு முறுக்கிச் சுற்றி, மூடிப் போட்டான். அப்படிச் செய்தால் மறுபக்கத்துப் பாட்டு தலைகீழாக ஓடும். கம்பளிக்குள் இருந்து பேசுகிற மாதிரி மங்கலாகத்தான் கேட்கும். யூதாஸின் முத்தத்தைப் பற்றிய பாட்டின் தொடக்கத்தில் நிஜமாகவே ஒரு குரல் வந்தது! எனக்குக் கை நடுங்கியது. அண்ணனுக்கு இங்கிலீஷ் நன்றாகப் புரியும். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். கர்த்தரைத் தேட வேண்டிய நேரத்தில் பிசாசை எதற்குத் தேடுகிறாய் என்று பெட்ராக்காரர்களே கேட்கிறார்கள். வேண்டுமென்றே வைத்த கிண்டல் அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவற்றில் எதையெல்லாம் போனுக்கு மாற்றி வைக்கலாம்? இந்த வரிசையில் வேறு என்ன கேட்கலாம்?

சும்மா கேட்பவன்:
ஒன்றையும் மாற்ற வேண்டாம். கோபப்படாதீர்கள், நானும் சர்ச்சில் வளர்ந்தவன்தான். கிறிஸ்தவ ராக் என்பது நல்ல ராக்கைக் கேட்க வீட்டில் விடாத பிள்ளைகளுக்காகச் செய்த மாற்றுச் சரக்கு. அமெரிக்கக் கிறிஸ்தவக் கடைகளில் பட்டியலே இருந்தது: 'உலக' இசைக்குழு இது பிடிக்குமா, அப்படியானால் பதிலுக்கு இதைக் கேள் என்று. பெட்ராவைக் கேட்கிற நேரத்தில் ஜர்னி, ஃபாரினர் மாதிரி 'உலக' ராக் குழுக்களை நேராகவே கேட்டுவிடலாம். நிர்வாணா என்ற ராக் குழு 1991இல் ஊரையே புரட்டிப் போட்டது. 1995இல் டிசி டாக் என்ற கிறிஸ்தவக் குழுவின் 'ஜீசஸ் ஃப்ரீக்' வருகிறது. அந்த கிட்டாரைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மஞ்சள் கறுப்பு:
நான் மதுரைக்காரன், வெள்ளிக்கிழமை தவறாமல் மீனாட்சி கோயிலுக்குப் போகிறவன். என்னை யாரும் எதையும் கேட்காதே என்று தடுத்ததில்லை. அப்படியும் ஸ்ட்ரைப்பர் கேட்கிறேன். அப்புறம் எனக்கு எதற்கு மாற்றுச் சரக்கு? மைக்கேல் ஸ்வீட்டும் ஆஸ் ஃபாக்ஸும் இரண்டு கிட்டாரை ஜோடி சேர்த்து வாசிப்பதைக் கேட்கத்தான் போனேன், பாட்டு எதைப் பற்றி என்று பிறகுதான் தெரிந்தது. 'டு ஹெல் வித் த டெவில்' (1986) அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதை வாங்கியவர்கள் எல்லோரும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளா?

ஸ்ட்ரைப்பர் என்ற அந்தப் பெயர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் லோகோவிலேயே ஏசாயா 53:5 என்று இருக்கும். நண்பன் வீட்டுத் தமிழ் பைபிளை வாங்கிப் புரட்டினேன். "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்." இதற்கும் அந்த மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட உடைக்கும் என்ன சம்பந்தம்? பல வருடம் மண்டையைக் குடைந்தது. கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'ஸ்ட்ரைப்ஸ்' என்று இருக்கிறதாம். சாட்டையடித் தழும்புக்கும் அந்தச் சொல்தான், கோட்டுக்கும் அதுதான். குளவி மாதிரி உடுத்திக்கொண்டு நின்றவர்கள் சாட்டையடியைத்தான் உடுத்தியிருந்தார்கள். தமிழில் படித்தால் இந்தச் சிலேடை கையில் சிக்கவே சிக்காது.

கீர்த்தனைக்காரர்:
நாற்பது வருடம் கொயரில் பாடியவன் பேசுகிறேன். சிலேடை அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குழு மேடையிலிருந்து புதிய ஏற்பாட்டைக் கூட்டத்துக்குள் வீசியது. வேதத்தை எறிகிறதா ஊழியம்? கண்ணில் மை, முள்ளம்பன்றி முடி. கேட்டால் பிள்ளைகளைச் சேர்க்க என்பார்கள். சேர்ந்த பிள்ளைகள் மேடையைப் பார்த்தார்களா, புஸ்தகத்தைப் பார்த்தார்களா?

நம்மிடம் இல்லாத இசையா? தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் இருநூறு வருடத்துக்கு முன்னால் ராகத்தில் கிறிஸ்துவைப் பாடி வைத்திருக்கிறார். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்று இசைக்கே ஒரு சமுத்திரம் எழுதினார். அவர்கள் சத்தத்தை நம்பவில்லை, இலக்கணத்தைக் கற்றார்கள். தயவுசெய்து பைபிளின் 150ஆம் சங்கீதத்தின் "பேரோசையுள்ள கைத்தாளங்களை" யாரும் என்னிடம் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். எங்கள் சபைப் போதகர் தொடங்கி என் பேரன் வரை எல்லோரும் கொண்டுவந்தாகிவிட்டது.

மஞ்சள் கறுப்பு:
ஐயா, இதே வாதத்தை அமெரிக்க டிவி பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகார்ட்டும் 1987இல் புத்தகமாகவே போட்டார், கிறிஸ்தவ ராக் ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய் என்று. அடுத்த பிப்ரவரியில் அவரே டிவியில் அழுதுகொண்டு பாவமன்னிப்புக் கேட்டார்.

கீர்த்தனைக்காரர்:
அவர் விழுந்தார் என்பதால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது, தம்பி. அவர் சொன்னதால் அது மெய்யும் ஆகாது. அவரை நான் மேற்கோள் காட்டவும் இல்லை.

லாரி ரசிகன்:
நீங்கள் எல்லோரும் எண்பதுகளிலேயே நிற்கிறீர்கள். 1969க்குப் போங்கள். லாரி நார்மன் என்ற பாடகர், தோளுக்குக் கீழே தொங்கும் வெளுத்த முடி, 'அப்பான் திஸ் ராக்' ஆல்பம். கலிபோர்னியாவில் ஹிப்பிகள் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த காலம் அது. கோஸ்டா மேசாவில் கல்வரி சேப்பல் என்ற சபை வெறுங்காலோடு வந்தவர்களையும் கிட்டாரோடு வந்தவர்களையும் உள்ளே விட்டது. அந்த மண்ணில் முளைத்ததுதான் இது. நகல் என்கிறவர், அப்போது எதை நகலெடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். ரேடியோவில் ஓடிய பாட்டு எதுவோ அதுதான் அவர்கள் பேச்சுமொழி, அதிலேயே ஜெபித்தார்கள்.

1972இல் லண்டனில் பதிவான நார்மனின் 'ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானட்' ஒன்றை மட்டும் கேளுங்கள். வியட்நாம், நிலவுக்கு ராக்கெட் விட்ட செலவு, பசி, ஒழுக்கம் பேசுகிற அமெரிக்காவின் பாசாங்கு எல்லாம் அதில் உண்டு. நல்ல இசை முழுவதும் பிசாசுக்கே ஏன் போக வேண்டும் என்று கேட்கிற பாட்டும் அதில்தான். கிறிஸ்தவக் கடைகளுக்கு இவர் ஆகவில்லை, இயேசுவைப் பாடுவதால் மற்றவர்களுக்கும் முழுதாக ஆகவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

என் கட்சி இதுதான்: கடைக்காரர் சந்தோஷமாக அடுக்கிய கேசட்டை விட, அவர் அடுக்கத் தயங்கிய கேசட்டில்தான் சரக்கு அதிகம்.

கீர்த்தனைக்காரர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினாரே, குறவஞ்சி யாருடைய சொத்து? குறத்தி வந்து குறி சொல்லுகிற ஆட்டப் பாட்டு. குற்றால நாதருக்குப் பாடின வடிவம். அதைத் தூக்கி வந்து பெத்லகேமில் வைத்தார். அதுவும் நகலா? அது சரி என்றால் நார்மனும் சரி.

சும்மா கேட்பவன்:
குறவஞ்சியில் மாட்டிவிட்டீர்கள். நார்மனை விட்டுத்தருகிறேன். பாடகர் கீத் கிரீனையும் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்த காசைக் கொடுத்து ஆல்பத்தை வாங்கிக்கொள் என்றவர். 1982இல் விமான விபத்தில் போய்விட்டார், 28 வயது. ஆனால் இவர்கள் இரண்டு பேரும் வியாபாரத்துக்கு வெளியே நின்றவர்கள். வியாபாரத்துக்கு உள்ளே வந்தவர்களைத்தான் நான் நகல் என்றேன். ஸ்ட்ரைப்பரே 1990இல் என்ன செய்தது? மஞ்சள் கறுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு 'அகெய்ன்ஸ்ட் த லா' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தொப்பி மாறினால் ஆளே மாறிவிடுவார்களா?

மஞ்சள் கறுப்பு:
அவர்கள் போட்டதிலேயே வாசிப்பு கச்சிதமாக இருப்பது அதில்தான்! உடையைக் கழற்றிய பிறகு கிட்டார் இன்னும் நன்றாகக் கேட்கிறது. எனக்குப் பிடித்த ஸ்ட்ரைப்பர் அதுதான், என் பெயருக்கு அது கொஞ்சம் இடிக்கிறது, தெரிகிறது.

பழைய டேப்:
அண்ணாச்சிமாரே, என் கேள்வி அப்படியே நிற்கிறது. எதைக் கேட்பது?

லாரி ரசிகன்:
நார்மன் சொல்லிவிட்டேன். பெட்ராவில் 'பியாண்ட் பிலீஃப்' (1990), ஜான் ஷ்லிட்டின் கரகரத்த குரல். கிராமி வாங்கிய ஆல்பம். முதல் கேட்புக்கு அது போதும்.

சும்மா கேட்பவன்:
போகிற போக்கில் நானும் ஒன்று சொல்கிறேன். ஸ்விட்ச்ஃபுட் குழுவின் 'த பியூட்டிஃபுல் லெட்டவுன்', 2003. பி.ஓ.டி. குழுவின் 'சாட்டலைட்' ஆல்பம் 2001 செப்டம்பர் 11 அன்றே கடைக்கு வந்தது. அந்த வாரத்தில் 'அலைவ்' என்று ஒரு பாட்டு அமெரிக்கர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள். இதெல்லாம் நான் ஒளித்துக் கேட்டவை.

மஞ்சள் கறுப்பு:
வாய் விட்டு மாட்டிக்கொண்டார்!

கீர்த்தனைக்காரர்:
குறவஞ்சிக் கேள்விக்கு யோசித்துவிட்டு வந்தேன். குறவஞ்சியை நாங்கள் ஞாயிறு ஆராதனையில் பாடுவதில்லை. வீட்டில் கேட்கிறதற்கும் பலிபீடத்துக்கு முன்னால் நின்று பாடுகிறதற்கும் நான் போடுகிற கோடு அதுதான். என் கோடு அங்கேதான் இருக்கும், மாற மாட்டேன்.

பழைய டேப் தம்பிக்கு ஒன்று. கேசட்டை அப்படியே போட்டு ஓட்டிவிடாதே. நாற்பது வருடப் பிரசங்கம் பதிவு செய்தவன் சொல்கிறேன். கண்ணாடி வழியாகப் பார், நாடாச் சுருளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. அது டேப் ரெக்கார்டரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். முதலில் பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றிப் பார், இறுகியிருந்தால் தளரும். நாடாவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கம்பளித் துண்டு இருக்கும். அது விழுந்திருந்தால் சத்தம் அமுங்கிக் கேட்கும், வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டு. பிரசங்கக் கேசட்டிலிருந்து எடுக்காதே. அதை எனக்கு அனுப்பு, யாருடைய பிரசங்கம் என்று பார்க்க வேண்டும்.

பழைய டேப்:
ஐயா, இரண்டில் வெள்ளை பூத்திருக்கிறது. ஒன்று ஸ்ட்ரைப்பர். இன்னொன்றின் மேல் '1988, இரண்டாம் நாள் ராக்கூட்டம்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. எதை முதலில் துடைக்க?