கார்ன்வாலின் பில்சர்ட் மீன்பிடி: கரையில் நடந்த பாதி (அனுபவப் பகிர்வு)

பென்சான்ஸிலிருந்து ஓர் உறுப்பினர்:

மீன்பிடி ஊர்களில் நேரில் கண்டதையும் பெரியவர்களிடம் கேட்டதையும் எழுதுமாறு அழைத்திருந்தீர்கள். நான் குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்தவள். இப்போது இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். இவ்வூர் மக்கள் பில்சர்ட் என்று சொல்லும் மீன், நாங்கள் சாளை என்றும் சென்னைப் பக்கத்தார் மத்தி என்றும் அழைக்கும் மீனுக்கு நெருங்கிய உறவு. அதனால்தானோ என்னவோ, இந்த மீனைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் நான் நின்று கேட்டுவிடுகிறேன்.

யாரிடம் கேட்டாலும் முதலில் குன்றின்மேல் நின்ற காவலரைப் பற்றித்தான் சொல்வார்கள். நியூகீ ஊரின் பாறை முனையில் வெள்ளையடித்த கல் குடில் ஒன்று இன்றும் பராமரிக்கப்படுகிறது. ஹியூவர் எனப்பட்ட அந்தக் காவலர் கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் அத்தகைய இடங்களிலிருந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். நீரின் மேல் செந்நிழல் படர்வதையும் பறவைகள் ஓரிடத்தில் கூடி விழுவதையும் கண்டவுடன், நீண்ட தகரக் குழலை வாயில் வைத்து ‘ஹெவ்வா, ஹெவ்வா’ என்று கூவுவார். ஊரே கடற்கரைக்கு ஓடும். கீழே படகில் இருப்பவர்களுக்கு மீன்கூட்டம் தெரியாது என்பதால், துணி சுற்றிய புதர்க்கொத்துகளை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் வலை விட வேண்டும், எப்போது வளைக்க வேண்டும் என்று அவரே மேலிருந்து சைகை காட்டி நடத்துவார். ஏறத்தாழ கால் மைல் நீளமுள்ள வலை மீன்கூட்டத்தைச் சுற்றி வளைக்கும்.

எங்கள் ஊர்க் கரைமடியைக் கண்டு வளர்ந்த எனக்கு, இதற்குப் பிறகு நடந்ததுதான் வியப்பாக இருந்தது. கரைமடியில் வலையைக் கரைக்கு இழுத்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. ஏலம் விட்டுப் பங்கு பிரிப்பதுதான் மிச்சம். இங்கே பெருவலையைக் கரையேற்றுவதில்லை. அலை குறைந்த ஆழமற்ற நீர்வரை மெல்ல நகர்த்தி, நங்கூரங்கள் இட்டு, மீன்களை உயிரோடு அப்படியே அடைத்து வைத்துவிடுவார்கள். பிறகு அந்த வளையத்துக்குள் சிறு வலை ஒன்றை இறக்கி, மீனை மேலே தூக்கி, கூடைகளால் அள்ளிப் படகில் கொட்டுவார்கள். பெரிய மீன்பாடு கிடைத்தால் இந்த அள்ளல் பல நாள் நீளும். ஒரு நாளில் எவ்வளவு அள்ளுவது என்பதைத் தீர்மானித்தவர்கள் படகோட்டிகள் அல்லர்; கரையில் ஒரு நாளில் எவ்வளவு மீனுக்கு உப்பிட முடியும் என்பதே அதைத் தீர்மானித்தது. உப்பிட்டவர்கள் பெண்கள்.

இந்தப் பாதியைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கூழாங்கல் பாவிய தரையும், எண்ணெயும் உப்புநீரும் வடிந்து ஒரு குழியில் சேர்வதற்கான சரிவும் கொண்ட முற்றங்களில், பெண்களும் சிறுமியரும் வரிசையாக அமர்ந்தும் குனிந்தும் மீனை அடுக்கினார்கள். தலைகள் வெளிப்புறம் நோக்கி இருக்குமாறு ஓர் அடுக்கு மீன், அதன்மேல் ஓர் அடுக்கு உப்பு, மறுபடியும் மீன் என்று மார்பளவுச் சுவராக அது எழும். ஏறத்தாழ ஒரு மாதம் அப்படியே கிடந்த பிறகு, மீனைக் கழுவி மரப் பீப்பாய்களில் வட்டவட்டமாக அடுக்கி, மூடிக்கு மேலே நீண்ட மரத்தடியை வைத்து, தடியின் ஒரு முனையைச் சுவர்த் துளையில் செருகி, மறுமுனையில் பெருங்கல்லைத் தொங்கவிட்டு அழுத்துவார்கள். கசியும் எண்ணெய் விளக்கெரிக்கவும் தோல் பதனிடவும் போகும். உடைந்த மீனும் கழிவு உப்பும் வயலுக்கு உரமாகும். எங்கள் பக்கத்திலும் ஒரு காலத்தில் சாளை மிகுந்தால் தென்னைக்கு அடியில் புதைப்பார்கள், அதன் எண்ணெயை வள்ளங்களுக்குப் பூசுவார்கள். இரண்டு கடல்களிலும் இந்த மீனின் எந்தப் பகுதியும் வீணாகவில்லை என்று அறிந்தபோது, இனம் தெரியாத ஒரு மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

மீன் வந்த இரவுகளில் பெண்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விடியும்வரை வேலை செய்ததாக, என் அண்டைவீட்டு மூதாட்டி தம் பாட்டியிடம் கேட்டதைச் சொல்லியிருக்கிறார். உப்பு விரல் இடுக்குகளை அரித்துவிடும் என்பதையும், வீடு முழுவதும் எண்ணெய் நாற்றம் தங்கிவிடும் என்பதையும் அவர் எந்த வருத்தமும் இல்லாமல், பெருமையோடுதான் சொன்னார். ‘மீனும் இல்லை, நாற்றமும் இல்லை என்றால் அந்தக் குளிர்காலம் பசியோடு போகும்’ என்பது அவருடைய பாட்டியின் கணக்கு. ஒவ்வொரு வீட்டிலும் பஸ்ஸா என்ற பெரிய மண்சாடியில் தனியாகப் பில்சர்ட்டை உப்பிட்டு வைத்து, குளிர்காலம் முழுவதும் உருளைக்கிழங்கோடு உண்பார்கள். கூவல் கேட்டவுடன் வீட்டுப் பெண்கள் அடுப்பில் வைத்த ஹெவ்வா கேக் இன்னும் இங்குள்ள ரொட்டிக்கடைகளில் கிடைக்கிறது. உலர்திராட்சை சேர்த்த தட்டையான அந்தப் பண்டத்தின் மேல் வலைக்கண் போலக் கத்தியால் கீறுவார்கள்.

உப்பிட்ட மீனின் பெரும்பகுதி இத்தாலிக்குப் போனது. கத்தோலிக்கர் இறைச்சி தவிர்க்கும் தவக்காலத்தில் அதற்கு அங்கே பெரும் தேவை இருந்தது. மீன்பிடித்த கார்ன்வால் மக்களில் பெரும்பாலோர் போப்பாண்டவரை ஏற்காத மெத்தடிஸ்ட் சபையினர். ஆனாலும் தவக்காலத்துடன் இன்னும் ஆறு மாதங்களைப் போப்பாண்டவர் சேர்த்துவிட வேண்டும் என்று கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொன்னவர்கள் அவர்கள். 1871ஆம் ஆண்டில் மட்டும் 40,000 பீப்பாய்களுக்கும் மேல் ஏற்றுமதியாயின. ஒரு பீப்பாயில் ஏறத்தாழ 3,000 மீன் என்று வைத்தால், அந்த ஒரு பருவத்தில் மட்டும் பெண்கள் கைவழியே சென்ற மீன் 12 கோடிக்குக் குறையாது.

செயின்ட் ஐவ்ஸ் வளைகுடாவில் எந்தக் குழு எந்த இடத்தில், எந்த முறையில் வலை விடலாம் என்பதை ஒழுங்குபடுத்த 1841இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றியது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாமை மற்றொரு கட்டுப்பாடு. அது சட்டம் அன்று, நம்பிக்கை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலிருந்து வந்த படகுகள் அதை மீறியதால் 1896 மே மாதம் நியூலினில் கலவரம் மூண்டு, படைவீரர்கள் வரவழைக்கப்பட்டனர். அது கானாங்கெளுத்திப் பருவத்தில் நடந்தது என்றாலும், ஓய்வு நாளைக் காத்தவர்கள் அதே மக்கள்தான்.

பிறகு மீன்கூட்டங்கள் கரையை அண்டுவது குறைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருவலை ஏறத்தாழ ஓய்ந்துவிட்டது. இரவில் மிதவலை விட்டுப் பிடித்தவர்கள் தொடர்ந்தார்கள். நியூலினில் பழைய முறையில் உப்பிட்டு இத்தாலிக்கு அனுப்பிவந்த கடைசித் தொழிற்கூடம் 2005இல் மூடப்பட்டது. காவலர் குடில்கள் படம் பிடிக்கத்தக்க இடங்களாக நிலைத்துவிட்டன. பெண்கள் வேலை செய்த முற்றங்களோ விடுமுறை வீடுகளாகவும் உணவகங்களாகவும் மாறிவிட்டன; அழுத்துத்தடி செருகிய துளைகள் மட்டும் சில சுவர்களில் வரிசையாகத் தெரிகின்றன. ஓர் ஊர் தன் மீன்பிடியை நினைவில் வைக்கும்போது கடலில் நின்றவரை மட்டும் நினைத்து, கரையில் குனிந்தவரை விட்டுவிடுவது எனக்கு உறுத்துகிறது. எங்கள் ஊரிலும் சாளைக் கருவாடு காயவைத்தவர்களும் தலைச்சுமையாக உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்றவர்களும் பெண்கள்தாம். என் தாயும் அவர்களில் ஒருவர்.

பிரிஸ்டலிலிருந்து ஓர் உறுப்பினர்:

அக்கா எழுதியதை வாசித்த பிறகு, நான் கண்டதையும் சேர்க்கத் தோன்றுகிறது. நண்பர் ஒருவருடன் குளிர்காலத்தில் நியூலின் துறைமுகத்தில் தங்கியபோது, வளைய வலைப் படகுகள் அந்தி மங்கும் வேளையில் புறப்படுவதைப் பார்த்தேன். இப்போது பாறைமேல் யாரும் நிற்பதில்லை; அந்த வேலையைப் படகிலுள்ள ஒலியலைக் கருவி செய்கிறது. இருட்டியதும் பில்சர்ட் மேலெழுந்து கூட்டமாகத் திரளும். படகு அதைச் சுற்றி வட்டமாக வலை விட்டு, அடிக்கயிற்றை இறுக்கிப் பைபோல மூடிவிடும். மீனை உடனே பனிக்கட்டி கலந்த நீர்த்தொட்டியில் இறக்காவிட்டால் அதன் மென்மையான சதை சில மணி நேரத்திலேயே குலைந்துவிடும் என்று படகுக்காரர் ஒருவர் விளக்கினார். கொழுப்பு மிகுந்த மீன் என்பதால் நம் ஊரிலும் சாளையை மதியத்துக்கு மேல் யாரும் வாங்குவதில்லை என்று நான் சொன்னேன். அவர் ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டார்.

கார்ன்வால் சார்டின் என்ற பெயரில் இந்த மீனை விற்கத் தொடங்கிய பிறகுதான் நகரத்து அங்காடிகள் அதை விரும்பி வாங்கின. அந்தப் பெயருக்கு 2009இல் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. கார்ன்வால் கரையிலிருந்து ஆறு கடல் மைலுக்குள் பிடித்து, அங்கேயே பதப்படுத்தப்பட்டதற்கு மட்டுமே அப்பெயர் உரியது. ஒரு சில படகுகளே இதில் ஈடுபட்டிருப்பதால், ஊர் முழுவதும் கரைக்கு ஓடிவரும் காட்சி இனி அமையாது. ஆனாலும் மீன்பிடி அருங்காட்சியகப் பொருளாக முடிந்துவிடாமல், இளைஞர்கள் சிலர் இன்றும் அதில் பிழைக்கிறார்கள் என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். உப்பிடும் முற்றம் போனதற்கு வருந்துவது சரிதான். அந்த வேலையின் கொடுமையும் அதனோடு போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜெனோவாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் இலங்கையிலிருந்து இத்தாலிக்குப் புலம்பெயர்ந்தவன். அந்தப் பீப்பாய்கள் வந்து சேர்ந்த பக்கத்தில் இருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன். இங்குள்ள சந்தைக் கடைகளில் உப்பிட்ட சாளையை வட்டத் தகர டப்பாவில், தலைகள் வெளியே பார்க்க, பூவிதழ் போல அடுக்கி வைத்திருப்பதைக் காணலாம். பிறந்த ஊரில் கருவாட்டோடு வளர்ந்தவன் என்பதால் அந்த வாசனைக்கு நான் முகம் சுளிக்கவில்லை. கடைக்கார முதியவருக்கு அது பிடித்துப்போயிற்று. வடக்கு இத்தாலியின் ஏழை வீடுகளில், உப்பிட்ட மீன் ஒன்றை மேசைக்கு மேலே நூலில் தொங்கவிட்டு, சோளமாக் களித் துண்டை அதன்மேல் தேய்த்துத் தேய்த்துக் குடும்பமே உண்டதாக அவர் கூறினார். அவருடைய சிறு வயதில் ஆங்கிலேய உப்புமீன் என்று தனியாகவே ஒரு வகை விற்கப்பட்டதாம். கார்ன்வால் பெண்களின் கையுழைப்பு வந்து சேர்ந்த இடங்களுள் அப்படிப்பட்ட மேசைகளும் இருந்தன என்பதை, மேலே உள்ள பதிவை வாசித்த பிறகே நான் விளங்கிக்கொண்டேன்.

பென்சான்ஸிலிருந்து, மீண்டும்:

தம்பி சொன்னதை ஏற்கிறேன். அந்த வேலையை யாரும் மறுபடியும் செய்ய வேண்டும் என்று நான் விரும்பவில்லை; செய்தவர்களைப் பற்றி ஊர் பேச வேண்டும் என்றே விரும்புகிறேன். ஜெனோவாவிலிருந்து எழுதிய அண்ணனுக்கு நன்றி. அந்த முதியவரின் நினைவை என் அண்டைவீட்டு மூதாட்டியிடம் சொல்லப் போகிறேன்.

எங்கே சென்று பார்க்கலாம் என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டிருந்தார்கள். பென்சான்ஸிலுள்ள பென்லீ இல்லம் என்ற கலைக்கூடத்தில் பெர்சி கிராஃப்ட் 1897இல் தீட்டிய பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. வலைக்குள்ளிருந்து பில்சர்ட்டைக் கூடைகூடையாக அள்ளும் காட்சியை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண இயலாது. போல்பெர்ரோ ஊரில் பழைய பில்சர்ட் கூடம் ஒன்றே மீன்பிடி அருங்காட்சியகமாக இருக்கிறது. உப்பிடும் வேலை எத்தகைய கட்டடத்தில் நடந்தது என்பதை அங்கே உள்ளே நின்றே உணரலாம். டிசம்பர் 23 அன்று வர முடிந்தவர்கள் மௌசல் ஊருக்குப் போங்கள். மீன் தலைகள் மேலோட்டைத் துளைத்து வானத்தைப் பார்க்கும்படி சுட்ட ஸ்டார்கேசி பை என்ற மாவுப் பண்டத்தை அன்று ஊராருக்குப் பரிமாறுவார்கள். சமைக்க வாங்குபவர்கள் கோடைக் கடைசி முதல் குளிர்காலம் வரையுள்ள மாதங்களில், பிடித்த அன்றே வாங்குங்கள். குடம்புளி சேர்த்து மண்சட்டியில் வைத்தால், எங்கள் ஊர்ச் சாளைக் குழம்புக்கும் இதற்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை.