ஆஸ்டினுக்கு அடித்தது யோகமா, அவரே தேடிக்கொண்டதா?

மன்னை மைந்தன்:
ரெஸ்லிங்கில் மேலே வந்தவர்கள் எல்லாம் துணிந்து ரிஸ்க் எடுத்தவர்கள் என்று இங்கே ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஸ்டீவ் ஆஸ்டினையே எடுங்கள். யார் ஜெயிப்பது என்று கம்பெனியே முன்கூட்டி முடிவு செய்யும் ஆட்டம் இது. 1996இல் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) கம்பெனியின் கிங் ஆஃப் தி ரிங் போட்டிப் பட்டம் டிரிபிள் எச் என்ற வீரருக்குத்தான் பேசி வைத்திருந்தது. மே மாதம் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவரும் ஷான் மைக்கேல்ஸ், கெவின் நாஷ், ஸ்காட் ஹால் மூவரும் ரிங்குக்குள்ளேயே கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். கதையில் நாயகனும் வில்லனுமாக மோதுகிறவர்கள் ஊர் பார்க்கக் கொஞ்சினால் கம்பெனி சும்மா இருக்குமா? நாஷும் ஹாலும் போட்டிக் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவுக்குக் கிளம்பியாயிற்று, மைக்கேல்ஸ் சாம்பியன். மிச்சமிருந்த டிரிபிள் எச் தலையில் தண்டனை விடிந்தது. பட்டம் ஆஸ்டின் மடியில் விழுந்தது. இதில் திறமை எங்கே?

குடந்தை ரிங்சைடு:
பட்டம் யோகம், சரி. அன்றைக்குப் பேசிய பேச்சு? உதடு கிழிந்து, ஆஸ்பத்திரியில் தையல் போட்டுத் திரும்பியவர், ஃபைனல் எதிராளி ஜேக் ராபர்ட்ஸ் பைபிளை வைத்துப் பேசினார் என்று கேள்விப்பட்டதும் பைபிள் வசனமான யோவான் 3:16ஐ ‘ஆஸ்டின் 3:16’ என்று திருப்பினார். முந்தின வருஷம்தான் டபிள்யூசிடபிள்யூ வேலையை விட்டுத் தூக்கியிருந்தது. அந்த நிலைமையில் மத விஷயத்தில் கை வைக்க எத்தனை பேருக்கு நெஞ்சுரம் வரும்? தண்டனை வாங்கிய டிரிபிள் எச்சும் 1997இல் அதே பட்டத்தை ஜெயித்தார், மறந்துவிடாதீர்கள்.

கடைமடைக்காரன்:
தம்பி, ஜூன் 12 மேட்டூர் திறந்தால் தலைமடையில் நாற்று விட்டுவிடுவார்கள். தலைஞாயிறு பக்கம் நாங்கள் உழுது போட்டுவிட்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்போம். எங்களுக்கு விவசாயம் தெரியாது என்று அர்த்தமா? கோஃபி கிங்ஸ்டன் 2008இலேயே டபிள்யூடபிள்யூஇ ரிங்குக்கு வந்தவர். 2019இல் முஸ்தஃபா அலி என்ற வீரருக்கு அடிபட்டதால்தான் அவருடைய இடம் கோஃபிக்கு வந்தது. அலி என்ன மட்டமான ஆட்டக்காரரா?

குடந்தை ரிங்சைடு:
தண்ணி வந்த அன்றைக்கு வயல் தயாராக இருந்ததே அண்ணே! அலிக்குப் பதிலாக இறங்கியவர் ஒரே இரவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மோதினார். அதைப் பார்த்துத்தான் ஜனம் கத்தியது, கம்பெனியின் பெரிய வருடாந்திர நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியா 35 வரை கொண்டுபோய்ச் சாம்பியன் ஆக்கியது.

கடைமடைக்காரன்:
அதே கோஃபியை அக்டோபரில் பிராக் லெஸ்னரிடம் பத்து வினாடிகூட நிற்கவிடாமல் தோற்க வைத்தார்களே! திறமை ஆறு மாதத்தில் வற்றிவிட்டதா?

மாயவரம் ரசிகை:
இரண்டு பேரும் ஜெயித்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். கோடி ரோட்ஸ் 2016இல் கம்பெனி கொடுத்த ஸ்டார்டஸ்ட் வேஷம் பிடிக்காமல் வெளியேறினார், திரும்பி வந்து 2024இல் ரெஸ்ல்மேனியாவில் சாம்பியன். துணிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய ரெஸ்லிங் நட்சத்திரம் டஸ்டி ரோட்ஸின் மகன் என்றால் வெளியிலும் நாலு கதவு திறக்கும். அந்தப் பெயர் இல்லாமல் வெளியேறிக் காணாமல் போனவனின் துணிச்சல் குறைச்சலா? அவனைப் பற்றி இழை ஆரம்பிக்க இங்கே யாரும் இல்லை. அப்புறம், 1998இல் மிக் ஃபோலி கூண்டு மேலிருந்து விழுந்ததைக் கொண்டுவந்து இங்கே போடாதீர்கள். உடம்பைப் பணயம் வைப்பது வேறு, யோசனையைப் பணயம் வைப்பது வேறு. (ஃபோலிக்கு இரண்டும் வரும், அது தனிக் கதை.)

குடந்தை ரிங்சைடு:
அக்கா, கதவு திறக்கும், சரி. உள்ளே போய் எட்டு வருஷம் தாக்குப்பிடிக்க அப்பா பெயர் போதுமா?

மன்னை மைந்தன்:
அப்போ அதுவரை பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்த ஜிண்டர் மஹால் 2017இல் சாம்பியன் ஆனதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் தம்பி?

குடந்தை ரிங்சைடு:
அண்ணே, அதற்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன்.